களையில் திரவ உரம்: முதல் டிரம் போடுகிறவர்களுக்கு

ஐப்பசியில் நாலு மழை விழுந்தால் போதும், எங்கள் தோட்டத்தில் செடி எது களை எது என்று தெரியாது. மதுரையில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் வீடு போக மிஞ்சிய இரண்டு சென்ட்டில் கத்தரி, தக்காளி, வெண்டை, பத்துப் பன்னிரண்டு மல்லிகை வைத்திருக்கிறேன். சாரணையும் கோரையும் அதற்குள் மண்டிவிடும். பிடுங்கி வேலியோரம் குவித்தால் அடுத்த மழையில் குவியலே வேர் பிடிக்கும். அதைத் தண்ணீரில் ஊறவைத்தால் உரமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு டிரம் வாங்கினேன். முதல் மூன்று தடவையும் வீண். ஒன்று நாறிப்போனது, ஒன்று தக்காளியைக் கெடுத்தது, ஒன்று கத்தரிப் பாத்தியில் கோரையை விதைத்துவிட்டுப் போனது. நாலாவதில்தான் சரியாக வந்தது. அந்த மூன்றையும் நீங்கள் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரம்முக்குள் நடக்கும் வேலை தானாக நடக்கும். நாம் தப்புச் செய்வது உள்ளே எதைப் போடுகிறோம் என்பதிலும், வெளியே எடுத்து எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதிலும்தான். அதனால் முதல் படியும் ஏழாவது படியும் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

1. களையைத் தேர்ந்தெடுப்பது

தண்டு சதைப்பிடிப்பாக, இலை மெத்தென்று இருக்கும் களை சீக்கிரம் கரையும். சாரணை, கோழிப்பசலை, குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை, குப்பைமேனி, தும்பை, கிணற்றடிப்பூண்டு எல்லாம் போடலாம். கொழிஞ்சி கிடைத்தால் விடாதீர்கள். அது பயறு வகைச் செடி, தழைச்சத்து (நைட்ரஜன்) கூடுதல். கீரையாகச் சமைக்கக்கூடிய இளசைச் சட்டிக்கு எடுத்துக்கொண்டு முற்றலை டிரம்முக்குக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

பூ விடுவதற்கு முன்னால் பிடுங்குங்கள். பூ வந்திருந்தாலும் பரவாயில்லை, விதை கட்டியிருக்கக் கூடாது. ஊறலில் நிறைய விதை செத்துப்போகும், எல்லாமே சாகாது. சாரணையின் சின்னக் கறுப்பு விதை வடிகட்டித் துணியில் கைநிறையத் தங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

கோரையில் மேல்புல்லை மட்டும் அறுத்துப் போடுங்கள். கிழங்கோடு போட்டால், மூன்று வாரம் தண்ணீரில் கிடந்தும் சில கிழங்கு உயிரோடு இருக்கும். சக்கையைக் கத்தரிக்கு மூடாக்காகப் போட்டேன். பத்தாம் நாள் ஊசி ஊசியாகக் கோரை எட்டிப் பார்த்தது. கிழங்கைத் தனியாகப் பொறுக்கி மொட்டை மாடியில், வெறும் சிமெண்ட் தரையில் பரப்பி, நகத்தால் அழுத்தினால் உள்ளிறங்காத அளவுக்குச் சுக்காகக் காயவிடுங்கள். அருகம்புல்லும் அப்படித்தான், கணு கணுவாக வேர்விடும் கொடி. இரண்டு மூன்று நாள் வெயிலில் சருகாக்கிவிட்டுப் போடுங்கள்.

போடக் கூடாதவை: அரளி, ஊமத்தை, ஆமணக்கு. எருக்கைச் சில விவசாயிகள் போடுகிறார்கள், ஆனால் வெட்டும்போது அதன் பால் கண்ணில் தெறித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு வேண்டாம். பார்த்தீனியமும் வேண்டாம். தொட்டாலே சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும், மற்றச் செடியின் முளைப்பைக் கெடுக்கும் சத்தும் அதில் உண்டு. சீமைக்கருவேல இலையைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: முள்ளை ஆய்ந்து முடிப்பதற்குள் ஐப்பசி போய்க் கார்த்திகை வந்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். களை எந்த இடத்தில் வளர்ந்தது என்று தெரியாமல் போடாதீர்கள். என் இரண்டாவது டிரம்முக்குத் தோட்டத்துக் களை பற்றவில்லை. திருமங்கலம் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் மக்காச்சோளக் காட்டில் போய் இரண்டு சாக்கு அள்ளி வந்தேன். இலைகள் கொஞ்சம் தொங்கியிருந்தன, தண்டு சற்றே முறுக்கிக்கொண்டிருந்தது. வெயிலுக்கு வாடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து அந்தக் கரைசலைத் தக்காளிக்கு ஊற்றினேன். புதுத் துளிர் எல்லாம் அகலமே இல்லாமல், நூலாகச் சுருண்டு, நண்டுக் காலைப் போல மடங்கின. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் என்று வேப்பெண்ணெய் அடித்தேன், மஞ்சள் அட்டை கட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் காட்டுக்காரரிடம் கேட்டேன். "அடிச்சு ஒரு வாரந்தான தம்பி ஆச்சு, சொல்லலையா நான்?" என்றார். அடித்தது, மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் 2,4-டி என்ற களைக்கொல்லி. தக்காளி, பருத்தி, வெண்டை, பயறு வகைகளைக் கெடுக்க அது ஒரு துளி போதும். தண்ணீரில் ஊறினாலும் களைக்கொல்லி முழுதாகப் போய்விடாது.

அதனால் பக்கத்து வயல், ரயில் பாதையோரம், சாலையோரம், காலி மனை எதிலிருந்து எடுத்தாலும் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்க ஆள் இல்லாத இடம் என்றால் எடுக்கவே வேண்டாம். சாக்கடை கலக்கும் கண்மாய், வாய்க்கால்களில் மிதக்கும் ஆகாயத்தாமரையும் இந்தக் கணக்கில்தான் சேரும். கழிவுநீரில் உள்ள உலோகங்களை இழுத்துச் சேர்த்துவைக்கும் செடி அது. சும்மா கிடைக்கிறதே என்று சாப்பிடுகிற பயிருக்குக் கொண்டுவராதீர்கள்.

2. டிரம்மும் செலவும்

எல்லாரும் 200 லிட்டர் டிரம்மைத்தான் முதலில் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் டிரம்மில் 140, 150 லிட்டர் கரைசல் வடியும். பத்து மடங்கு தண்ணீர் சேர்த்தால் ஆயிரத்து ஐநூறு லிட்டருக்கு மேல். செடிக்கு அரை லிட்டர் என்றால் மூவாயிரம் செடிக்கு வரும். வீட்டில் இருப்பது நாற்பது செடி. மிச்சம் நாறிக்கொண்டே கிடக்கும். மாடித் தோட்டத்துக்கு மூடியோடு கூடிய 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்று போதும். இரண்டு மூன்று சென்ட் இருந்தால் 50 லிட்டர். தென்னை, வாழை, அரை ஏக்கர் மல்லிகை என்று வைத்திருப்பவர்கள் மட்டும் 200 லிட்டருக்குப் போங்கள்.

பிளாஸ்டிக்தான் நல்லது. தகர டிரம் ஒரே பருவத்தில் துருப்பிடித்து அடி இற்றுவிடும். பழைய டிரம் வாங்கினால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள், ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். ஊறுகாய், எண்ணெய், பழக்கூழ் வந்த டிரம் என்றால் சரி. பூச்சிமருந்தோ அமிலமோ வந்தது என்றால் எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். தாளைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்கும் டிரம்மை நான் தொடமாட்டேன்.

எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன், உங்கள் பக்கத்து விலையில் முன்பின் இருக்கலாம். பழைய 50 லிட்டர் டிரம் 300 ரூபாய். கொசுவலைத் துணி ஒரு மீட்டர் 50. வெங்காயம் வரும் வலைச் சாக்கு, காய்கறிக் கடையில் கேட்டதற்குச் சும்மாவே கொடுத்தார்கள். கால் கிலோ மண்டை வெல்லம், கீழமாசி வீதிப் பக்கம் போனபோது அழுக்கு வெல்லமாகப் பார்த்து வாங்கியது, 15 ரூபாய். கையுறை 40. கிளறுவதற்கு ஒட்டடைக் குச்சியின் மூங்கில். 405 ரூபாயில் முடிந்தது. அடுத்த தடவையிலிருந்து வெல்லக் காசு மட்டும்தான். கடையில் இதற்கென்று விற்கும் நுண்ணுயிர் பாட்டில் எதுவும் முதல் டிரம்முக்குத் தேவையில்லை. களையின் மேலேயே வேண்டிய உயிர்கள் இருக்கின்றன.

3. தண்ணீர்

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு ராத்திரி வாளியில் திறந்து வையுங்கள், குளோரின் போகட்டும். போர்த் தண்ணீர்தான் நம் பக்கம் பெரிய தலைவலி. பல இடங்களில் உப்பு. வாளியில் வெள்ளை படியும், சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் ஊறவைத்தால் களையிலிருந்து வரும் உப்பும் சேர்ந்து தொட்டிச் செடியின் இலை நுனியைக் கருக்கிவிடும். மழைத் தண்ணீர் பிடித்துவைத்திருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. களை மண்டும் காலமும் மழைக் காலமும் ஒன்றாகவே வருவது இதற்கு வசதி.

4. ஊறப்போடும் நாள்

காலையில் பிடுங்குங்கள், வேரில் ஒட்டிய மண்ணை உதறுங்கள். அரை நாள் நிழலில் வாடவிட்டால் நறுக்க எளிது. இரண்டு விரல் நீளத்துக்கு அரிவாள்மனையிலோ கொத்தரிவாளிலோ நறுக்குங்கள். நறுக்காமல் முழுசாகப் போட்டால் மிதக்கும். மேலே மிதப்பது பூஞ்சை பிடிக்கும், கீழே தண்ணீர் வெளுத்துக் கிடக்கும்.

அளவு: ஒரு கிலோ பச்சைக் களைக்கு எட்டு லிட்டர் தண்ணீர். தராசு இல்லையென்றால் ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் நன்றாக அமுக்கித் திணியுங்கள், என் கைக்கு அது ஏறக்குறைய மூன்று கிலோ வரும். 50 லிட்டர் டிரம்முக்கு ஐந்து கிலோ களை, நாற்பது லிட்டர் தண்ணீர், கால் கிலோ வெல்லம். 20 லிட்டர் வாளிக்கு இரண்டு கிலோ, பதினாறு லிட்டர், நூறு கிராம் வெல்லம். மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். நுரை பொங்கும்.

என் முதல் டிரம் நாறியது இங்கேதான். நிறையப் போட்டால் நிறையச் சத்து என்று டிரம் முழுக்கக் களையைத் திணித்து, இடுக்கில் தண்ணீர் ஊற்றினேன். காற்றே இல்லாமல் அழுகியது.

வெங்காயச் சாக்கில் களையைப் போட்டு வாயைக் கட்டி, உள்ளே ஒரு செங்கலும் வைத்து இறக்கிவிடுங்கள். கடைசியில் சாக்கைத் தூக்கினால் பாதி வடிகட்டல் முடிந்துவிடும். வெல்லத்தைத் தனியாகத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், கட்டியாகப் போட்டால் எறும்புக்குத்தான் கொண்டாட்டம்.

சாணம் சேர்க்கலாமா? தென்னை, வாழை, மல்லிகைக்கு என்றால் ஐந்து கிலோ களைக்கு ஒரு கிலோ புதுச் சாணம் சேர்க்கலாம், வேகம் கூடும். கீரை, கொத்தமல்லி, வெள்ளரி மாதிரி பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடுவதற்கு என்றால் சாணம் இல்லாமலே செய்யுங்கள்.

கடைசியாக, டிரம்மில் அழியாத பேனாவால் தேதியும் உள்ளே என்ன போட்டீர்கள் என்பதும் எழுதிவிடுங்கள். இது ஞாபகத்தில் இருக்கும் என்று தோன்றும். இருக்காது.

5. மூன்று வாரப் பராமரிப்பு: கிளறல், கொசு, நாற்றம்

டிரம் நிழலில், வீட்டுச் சன்னலிலிருந்து தள்ளி, காற்றுப் போகும் இடத்தில் இருக்கவேண்டும். மூடிய அறையில் வைக்காதீர்கள். உள்ளிருந்து வரும் வாயு நல்லதில்லை. மூடியை இறுக்கித் திருகவும் கூடாது. வாயு வெளியேற வழியில்லாமல் உப்பி, ஒருநாள் திறக்கும்போது முகத்தில் அடிக்கும். வாயில் கொசுவலையை இரட்டையாக மடித்துப் பழைய சைக்கிள் டியூபால் கட்டுங்கள், அதன்மேல் மூடியைச் சும்மா கவிழ்த்து வையுங்கள். நடக்கப் பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் மூடிமேல் கனமான கல்லும் வேண்டும். தண்ணீர் நிற்கும் எந்த டிரம்மும் குழந்தைக்கு ஆபத்துதான்.

கொசு விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். முட்டை கொசுவாக நம் வெயிலுக்கு ஏழெட்டு நாள் போதும், உங்கள் ஊறலோ மூன்று வாரம். மழைக்காலத்தில் டெங்கு தடுப்புக்காக வீடு வீடாக வந்து தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை வரை கவிழ்த்துப் பார்ப்பார்கள். வலையில்லாத டிரம்மைப் பார்த்தால் அவர்கள் கொட்டச் சொல்வதில் தப்பே இல்லை. கிளற வலையை அவிழ்ப்போம், கட்ட மறப்போம், ஓட்டை விழுவது அங்கேதான்.

காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை கிளறுங்கள். குச்சியை அடிவரை விட்டு இருபது சுற்று, அவ்வளவுதான். மூன்றாம் நாள் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி கட்டும், குச்சியை எடுத்தால் நுரை ஒட்டிக்கொண்டு வரும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை வாடை உச்சம். மாட்டுத் தொழுவத்து வாடை என்றால் சரியான பாதை. அழுகிய முட்டை வாடை என்றால் காற்றுப் போதவில்லை: பாதிக் களையை எடுத்துவிட்டு, தண்ணீரைக் கூட்டி, ஒரு லிட்டர் புளித்த மோர் ஊற்றி, நாளைக்கு மூன்று தடவை கிளறுங்கள். நாலைந்து நாளில் திரும்பிவிடும்.

முதல் டிரம்மின் எட்டாம் நாள் பக்கத்து வீட்டு மதினி காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "தம்பி, உங்க பக்கம் எலி எதுவும் செத்துக் கெடக்கா? நல்லாப் பாருங்க" என்றார். அவருக்கு எது நாறுகிறது என்று தெரியும். அவர் கேட்ட மரியாதைக்கே நான் அன்று சாயந்தரம் டிரம்மை வேறு மூலைக்கு நகர்த்தினேன். நீங்கள் போடுவதற்கு முன்பே பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள். விசேஷம், திதி, பெண் பார்க்கும் நாள் எதுவும் அந்த இரண்டு வாரத்தில் அவர்கள் வீட்டில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. பக்குவமும் பயறுச் சோதனையும்

சித்திரை, வைகாசி வெயிலில் பத்து நாளில் ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு வாரம். மார்கழிக் குளிரில் மூன்று வாரம் ஆகும், சில சமயம் அதற்கு மேலும். நாளை எண்ணுவதைவிடக் கண்ணால் பாருங்கள். குமிழி நின்றிருக்கும், இலை கரைந்து நரம்பும் தண்டும் மட்டும் சாக்கில் மிஞ்சியிருக்கும், தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்திருக்கும், வாடை பாதியாகக் குறைந்திருக்கும்.

இதற்கப்புறம் உடனே செடிக்கு ஊற்றிவிடாதீர்கள். தக்காளி போன பிறகு நான் கற்றுக்கொண்ட வேலை இது. இரண்டு டீ கப்பில் அடியில் ஓட்டை போட்டு ஒரே மண்ணை நிரப்பி, ஆறு ஆறு பாசிப்பயறு ஊன்றுங்கள். ஒன்றுக்கு வெறும் தண்ணீர், இன்னொன்றுக்குப் பத்து மடங்கு தண்ணீர் கலந்த கரைசல். இரண்டு வாரம் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வந்தாலோ கரைசல் கப்பில் இலை கரும்பச்சையாக இருந்தாலோ தைரியமாகப் பயன்படுத்தலாம். இலை கிண்ணம்போல் மடங்கினாலோ தண்டு முறுக்கினாலோ களைக்கொல்லி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிரம்மைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். சொந்தத் தோட்டத்துக் களை மட்டும் போட்டிருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். காத்திருக்கும் இரண்டு வாரத்தைச் சேர்த்தே உங்கள் நாள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

7. வடிகட்டி, கலந்து, ஊற்றுவது

சாக்கைத் தூக்கி டிரம் வாயில் குறுக்கே ஒரு கட்டை வைத்துத் தொங்கவிடுங்கள், ஒரு மணி நேரம் சொட்டட்டும். கையால் பிழியாதீர்கள், கையில் ஏறிய வாடை இரண்டு நாள் போகாது. கரைசலைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். கையால் ஊற்ற ஒரு மடிப்பு போதும். சொட்டுநீர்க் குழாயில் விடுவதென்றால் நாலு மடிப்பு, அப்படியும் அடைக்கும். நான் அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

கலக்கும் அளவு மிக முக்கியம். வீட்டுப் பிளாஸ்டிக் குடம் பெரும்பாலும் 15 லிட்டர் பிடிக்கும். ஒரு குடம் தண்ணீருக்கு ஒன்றரை லிட்டர் கரைசல், அதாவது ஒன்றுக்குப் பத்து. நாற்று, மாடித் தொட்டி, கீரைப் பாத்தி என்றால் குடத்துக்கு முக்கால் லிட்டர். கலந்தபின் வெளிறின டீ நிறம் வரவேண்டும். கெட்டியாக ஊற்றினால் நல்லது சீக்கிரம் நடக்கும் என்று நினைப்பவர்களுக்கு, என் வெண்டைச் செடி நாலு நாளில் ஓரம் கருகி நின்றதைக் காட்ட ஆசை.

காய்ந்த மண்ணில் ஊற்றாதீர்கள். முதலில் சாதாரணத் தண்ணீர் விட்டு மண் நனைந்தபின் கரைசல். காலை வெயில் ஏறுமுன் அல்லது சாயந்தரம் நாலரைக்கு மேல். காய்கறிச் செடிக்கு அரை லிட்டர், வாரம் ஒரு தடவை, நாற்று நட்டுப் பதினைந்து நாள் கழித்துத் தொடங்கலாம். மல்லிகைப் புதருக்கு இரண்டு லிட்டர், மாதம் இரண்டு தடவை. மல்லிகையைக் கார்த்திகைக் கடைசியில், மார்கழியில் கவாத்து வெட்டுவோமே, வெட்டிப் பத்து நாளில் புதுத் துளிர் வரும்போது ஆரம்பித்தால் பலன் தெரிகிறது. வாழைக்கு ஐந்து லிட்டர்வரை போகலாம். மழை வரும்போல் இருந்தால் தள்ளிப்போடுங்கள், பட்ட பாடெல்லாம் வாய்க்காலில் ஓடிவிடும்.

கீரைக்கு வேரில் மட்டும் ஊற்றுங்கள், இலையில் படவேண்டாம். அறுப்பதற்குப் பத்து நாள் முன்பு நிறுத்திவிடுங்கள்.

இதிலிருந்து என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சாம்பல்சத்து (பொட்டாசியம்) நன்றாக இறங்கும், தழைச்சத்து ஓரளவு. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு. தொழு உரத்துக்கோ மண்புழு உரத்துக்கோ இது மாற்று இல்லை, கூடச் சேர்ப்பது. என் மல்லிகை இலை நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சளாக வெளுத்தபோது இதையே ஊற்றிக்கொண்டிருந்தேன், ஒன்றும் மாறவில்லை. அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு கூடுதலான மண்ணில் மல்லிகைக்கு அடிக்கடி வருவது. லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட் கலந்து இலையில் தெளித்த பிறகுதான் பச்சை திரும்பியது.

வடித்த கரைசலை நிழலில், மூடி தளர்வாக, ஒரு மாதம் வைக்கலாம். போகப்போகத் தழைச்சத்து காற்றில் கரைந்து போகும், அதனால் சேர்த்துவைக்க ஆசைப்படாதீர்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைத்தால் மேலே பெரிதாக எழுதுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சக்கை தென்னந்தூரில் போகட்டும்.

8. காகித வேலை

வீட்டுத் தோட்டத்துக்கும் சொந்த வயலுக்கும் செய்ய யாரிடமும் அனுமதி வேண்டாம், எந்தப் படிவமும் இல்லை. ஆனாலும் மூன்று இடத்தில் காகிதம் வரும்.

முதலாவது மண், தண்ணீர் பரிசோதனை. அரை ஏக்கராவது வைத்திருப்பவர்கள் இதைச் செய்துவிட்டு உரத்தைப் பற்றிப் பேசுவது நல்லது. மதுரைக்காரர்களுக்கு ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலும் கேட்கலாம். போகும்போது பெயர், ஊர், புல எண், போன பயிர், வைக்கப்போகும் பயிர், பாசனம் எது என்ற விவரம் எழுதி எடுத்துப்போங்கள். மண்ணை ஒரே இடத்தில் அள்ளாதீர்கள். பத்துப் பதினைந்து இடத்தில் மேல் சருகை ஒதுக்கி, ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து நிழலில் காயவைத்து அரை கிலோ மட்டும் துணிப்பையில் கட்டுங்கள். உரம் போட்ட கையோடு எடுத்த மண் பொய் சொல்லும். போர்த் தண்ணீருக்கு மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுச் சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள்.

இரண்டாவது, அங்ககச் சான்று, அதாவது இயற்கை முறையில் விளைந்தது என்ற சான்று, வாங்க நினைப்பவர்கள். கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறைக்கு விண்ணப்பத்தோடு பண்ணை விவரம், வயல் வரைபடம், மண், தண்ணீர் பரிசோதனை அறிக்கை, ஆண்டுப் பயிர்த் திட்டம், நில ஆவணம் எல்லாம் வேண்டும். மாற்றுக் காலம், அதாவது சான்று கிடைக்கும் முன் இயற்கை முறைக்கு மாறும் காலம், ஒருபருவப் பயிருக்கு 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டு. இதில் நம் டிரம்முக்கு என்ன வேலை என்றால், வயலுக்குள் வரும் ஒவ்வொரு இடுபொருளுக்கும் பதிவு கேட்பார்கள். எந்தத் தேதி, என்ன களை, எங்கிருந்து, எந்தப் பயிருக்கு எத்தனை லிட்டர் என்று நோட்டில் இருக்கவேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்த களை என்றால் அங்கே மருந்து அடித்ததா என்ற கேள்வி கட்டாயம் வரும். சான்று வாங்கும் எண்ணம் இருந்தால் சொந்த வயல் களையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விற்பனை. டிரம் நன்றாக வந்ததும் எல்லாருக்கும் வரும் ஆசை. உரம் என்று பெயர் போட்டுப் பாட்டிலில் அடைத்து விற்பது 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வரும் விஷயம். வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தில் விசாரிக்காமல் சந்தையில் கடை போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்கு இரண்டு பாட்டில் சும்மா கொடுப்பதோடு நான் நிறுத்திவிட்டேன்.

9. கோடைக்குச் சேர்த்துவைப்பது

பங்குனி தாண்டினால் நம் பக்கம் களைக்கே பஞ்சம், மல்லிகைக்கோ அப்போதுதான் பூப்பருவம். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மிஞ்சும் களையை மாடியில் காயவைத்து சாக்கில் கட்டிவையுங்கள். பச்சைக் களையில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான், ஆகவே ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ சருகு என்று கணக்கு. சாரணையும் கோழிப்பசலையும் காய ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும், பிடுங்கிப் போட்ட இடத்திலேயே பூத்து விதையும் கட்டிவிடும். இரண்டாம் நாளே நறுக்கிப் பரப்பினால் அந்தத் தொல்லை இல்லை. சாக்கைத் தரையில் வைக்காதீர்கள், கரையான் ஏறும். செங்கல் மேல் பலகை போட்டு வையுங்கள். ஊறப்போடும்போது சருகு முதலில் தண்ணீரை உறிஞ்சும், எனவே மறுநாள் காலையில் பார்த்து, குறைந்த அளவுக்குத் தண்ணீர் சேர்த்துவிட்டு அதற்கப்புறம் வெல்லத்தைக் கரைத்து ஊற்றுங்கள்.